கேட்டுவிட்டு அளக்கிறவர்

முதலில் அவர் நிற்கிற இடத்தைச் சொல்லிவிடுகிறேன். வேலை செய்கிறவனுக்குப் பின்னால் அவர் ஒருநாளும் நின்றதில்லை. எதிரே, கொஞ்சம் இடது பக்கமாக, நம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வந்து நிற்பார். கிளிப் வைத்த அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தன் பெயரைச் சொல்லுவார். பிறகு, "நீங்கள் வேலை செய்கிற நேரத்தை அளக்கப் போகிறேன். அளக்கலாமா?" என்று இங்கிலீஷில் கேட்பார். பதில் வருகிற வரைக்கும் ஸ்டாப்வாட்ச் சட்டைப் பையை விட்டு வெளியே வராது.

நான் வேலை பார்க்கிற ஃபாக்டரி டல்லாஸுக்குத் தெற்கே ஃப்ரீவேயை ஒட்டி இருக்கிறது. ரிச்சர்ட்சனில் எங்கள் அபார்ட்மென்டிலிருந்து நாற்பது நிமிஷ டிரைவ். ஐரோப்பாவில் பேர்போன ஒரு கார் கம்பெனிக்குக் கதவின் உள்பக்கப் பேனல் செய்து கொடுக்கிறோம். காரில் உட்கார்ந்து கதவைச் சாத்தினால் நம் முழங்கை படுகிற பக்கம் இருக்கிறதே, அதுதான். ஸ்பீக்கர், ஒயர், கைப்பிடி, கண்ணாடியை ஏற்றி இறக்குகிற சுவிட்ச், சுற்றிலும் பதினான்கு கிளிப். பேனல் நகர்ந்து வருகிற லைனில் வரிசையாக நின்று இதையெல்லாம் பொருத்துவோம். என் மனைவி எஸ்தர் நர்ஸ். அவள் விசாவில்தான் நாங்கள் இந்த நாட்டுக்கு வந்தோம். வெறும் ஐ.டி.ஐ. படித்த எனக்கு இங்கே கிடைத்த முதல் உருப்படியான வேலை இது. வேலை கிடைத்த வாரம் சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னேன். எங்கிருந்தோ ஒரு வேலையைக் கொண்டுவந்து கர்த்தர் என் கையில் கொடுத்தார் என்று சொல்லி அழுதேன். அந்த "எங்கிருந்தோ" எது என்று அப்போது எனக்குத் தெரியாது.

அவர் எங்கள் கம்பெனியின் ஜெர்மனி தலைமை ஆபீஸிலிருந்து வருவார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வந்தால் இரண்டு வாரம். கோயம்புத்தூர்ப் பக்கத்து மனிதர். ஐம்பதைத் தாண்டிய வயது, ஒல்லி உடம்பு, எப்போதும் இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை. ஒரு ஆள் ஒரு வேலையை எத்தனை வினாடியில் முடிக்கிறான் என்று பார்த்து எழுதுவதுதான் அவர் உத்தியோகம். அந்த வினாடியை வைத்துத்தான் ஒரு பேனலுக்கு என்ன செலவு, எத்தனை ஆள் வேண்டும், அந்த வேலை எந்த நாட்டில் நடந்தால் கட்டுப்படியாகும் என்று மேலே இருக்கிறவர்கள் முடிவு செய்வார்கள்.

அவர் முதல் தடவை வந்தபோது நடந்ததை இன்றைக்கும் லைனில் சொல்லிச் சிரிப்பார்கள். எங்கள் பிளான்ட் மேனேஜர் அவருக்கு மாடியில் கண்ணாடி அறையைக் காட்டி, இங்கே இருந்து பார்த்தால் எல்லாம் தெரியும், அவர்களுக்கும் தொந்தரவு இல்லை என்றாராம். இவர் நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கி வந்துவிட்டார். லைனில் முதலில் நின்றவன் ஒரு கேலிக்காரன். இவர் போய், அளக்கலாமா என்று கேட்டதும் அவன் விளையாட்டுக்கு, "முடியாது" என்றான். இவர் தலையை ஆட்டினார். பேனாவை மூடினார். அட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நேரே வெளியே போய்விட்டார்.

மத்தியானச் சாப்பாட்டில் அந்தக் கேலிக்காரன் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே மேஜை மேஜையாகப் போனான். "நான் சும்மா சொன்னேன்ப்பா, அந்த ஆள் போயே போய்ட்டாரே" என்று எல்லாரிடமும் புலம்பினான். மறுநாள் காலையில் அவர் வந்தார். அதே இடத்தில் நின்று, அதே மாதிரி பெயரைச் சொல்லி, முதல் தடவை கேட்கிற மாதிரியே கேட்டார். அவன் சரி என்றான். அதற்குப் பிறகு யாரும் அவரிடம் விளையாடவில்லை.

இப்போது எங்கள் லைனுக்கு மேலே கேமரா வைத்திருக்கிறார்கள். அது யாரையும் கேட்பதில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவர் ஞாபகம் வருகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

என்னை அவர் முதலில் அளந்த நாளில் இங்கிலீஷில்தான் பேசினார். பத்துத் தடவை அளந்தார். எழுதி முடித்துத் தாளைத் திருப்பி என்னிடம் காட்டி, கையெழுத்து வாங்கி, ஸ்டாப்வாட்சைப் பைக்குள் போட்ட பிறகுதான், "ஊர் எதுங்க தம்பி?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "திருநெல்வேலிப் பக்கம்ணே. முதல்லயே தமிழுன்னு சொல்லியிருக்கலாம்லா?"

"சட்டைல தங்கராஜ்னு எழுதியிருக்குதுங்களே, அப்பவே தெரியும். முன்னாடியே பேசியிருந்தா எனக்காகக் கைய வீசியிருப்பீங்க. அளவு கெட்டுப் போயிருமுங்க."

அப்போது அதை நான் ஒரு நல்ல பேச்சாகத்தான் கேட்டுக்கொண்டேன். மனதில் வாங்கவில்லை.

ஊருக்குப் புதிதாக வந்த தமிழ் ஆளை ஹோட்டலில் பீட்சா தின்ன விடுவது எங்கள் வீட்டு வழக்கம் இல்லை. அவரை வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபத்துக்குக் கூப்பிட்டேன். எங்கள் வழி வேறு, அவர் வழி வேறு. ஆனாலும் வந்தார். ஜெபம் நடக்கிற நேரம் முழுக்கக் கையைக் கட்டி, கண்ணை மூடி, ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். எனக்கு ஜெபம் கொஞ்சம் நீளும். சபையில் எல்லாருக்கும் தெரியும். ஒவ்வொரு பெயராகச் சொல்லி ஜெபிப்பேன். முடித்துக் கண்ணைத் திறந்தால் என் மகள் ஜெனி அவர் பக்கத்தில் போய் நிற்கிறாள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. வீட்டில் நாங்கள் தமிழில் பேசினால் அவள் இங்கிலீஷில்தான் பதில் சொல்லுவாள்.

"அங்கிள், ஹவ் லாங் டிட் அப்பா ப்ரே?"

"அப்பாகிட்ட நான் முன்னாடியே கேக்கலையே கண்ணு. கேக்காம அளக்கக் கூடாதல்ல."

"பட் யூ நோ, ரைட்?"

"தெரியும். சொல்ல மாட்டன்."

எஸ்தர் அடுப்படியிலிருந்து, "சொல்லிராதீங்கண்ணே. சொன்னீங்கன்னா அடுத்த வாரம் இவ வாட்ச் கட்டிட்டு முன்னால வந்து உக்காந்துருவா" என்றாள். அன்று மீன் குழம்பு. அவர் கூச்சப்பட்டுச் சாப்பிட்டார். "இன்னும் ரெண்டு துண்டு வச்சிக்கிடுங்க" என்று எஸ்தர் வைத்துக்கொண்டே இருந்தாள். அதற்குப் பிறகு வருகிற தடவையெல்லாம் வெள்ளிக்கிழமை எங்கள் வீடுதான்.

அவரிடம் இன்னொரு பழக்கம் உண்டு. ஒரு கோடைகாலம், நூறு டிகிரி வெயில். அவரை நான் காரில் கூட்டிக்கொண்டு போகிறேன். ரோட்டோரம் ஒரு வீட்டுக் கூரையில் நாலைந்து பேர் ஓடு அடித்துக்கொண்டிருந்தார்கள். சிக்னலில் வண்டி நின்றதும் அவர் சட்டென்று முகத்தை இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். வெயில் கண்ணில் அடிக்கிறதோ என்று நினைத்து நிழல்தட்டியை இறக்கிவிட்டேன்.

"அதில்லீங்க. பாத்தா எண்ணிருவன். அவிய பாட்டுக்கு அடிச்சிட்டிருக்காங்க, நான் எதுக்குங்க எண்ணோணும்?"

சிக்னல் விழுகிற வரைக்கும் அவர் என் பக்கத்துக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம் இவர் எங்கே பழகினார் என்று எனக்கு ஆச்சரியம். ஒரு வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு அவரே சொன்னார். ஜெர்மனி ஃபாக்டரியில் யாரையும் ஒளிந்து நின்று அளக்க முடியாதாம். ஆளிடம் சொல்ல வேண்டும். எழுதிய தாளில் யூனியன் ஆளும் கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் அது வெறும் காகிதம். அங்கே ஒரு யூனியன் ஆள், இவரைவிட மூத்தவர், இவர் எங்கே போய் நின்றாலும் பின்னாலேயே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவாராம்.

"ஒரு தடவைங்க, பேனல மாட்டிட்டுத் திரும்பி அடுத்தத எடுக்கறதுக்கு ரெண்டு செகண்டு போட்டன். அவரு ஆறு செகண்டுன்னாரு. அப்படித் திரும்புனா இடுப்பு போயிரும், நிதானமாத் திரும்போணும்னாரு. பதினோரு நாள் சண்டைங்க. தினம் காலைல வந்து குட்மார்னிங் சொல்லிட்டு ஆரம்பிப்பாரு. கடைசில நானே திரும்பித் திரும்பிப் பாத்தன். நூறு தடவை. மறுநா எனக்கே எந்திரிக்க முடியல. ஆறு போட்டுட்டன்."

சொல்லும்போது அவர் முகம் மலர்ந்திருந்தது. தோற்றுப்போன கதையை ஒருவர் இத்தனை சந்தோஷமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

"நல்ல மனுசன்தான், பாவம்" என்றாள் எஸ்தர்.

"நல்ல மனுசனுங்க. ஆனா அந்த நாலு செகண்டு ஒவ்வொரு பேனலுக்கும் ஏறுச்சுங்க. அந்த மாதிரி நாலு அங்க, மூணு இங்கன்னு சேந்து, அங்க செய்யறது கட்டுப்படியாகலைன்னு மேல சொல்லிட்டாங்க. லைனையே எடுத்து வேற நாட்டுக்குக் கொண்டு போனாங்க."

"எந்த நாட்டுக்கு?"

அவர் என்னைப் பார்த்தார். "நீங்க நிக்கறீங்களே தம்பி, அந்த லைன்தானுங்க."

பிறகு எஸ்தர்தான், அங்கே இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டாள். வயதானவர்கள் பென்ஷனில் போனார்களாம், மற்றவர்களுக்கு வேறு லைனில் இடம். ஒருத்தரையும் சும்மா வெளியே அனுப்ப அந்த யூனியன் ஆள் விடவில்லையாம். "ஆனா லைன் போச்சுங்க" என்றார்.

"அப்ப யூனியன் நல்லதாண்ணே, கெட்டதா?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியாதுங்க. அவரு எதுக்கால உக்காந்திருந்த வரைக்கும் என் தாள்ல தப்பு இருந்ததில்லீங்க. அது மட்டுந்தான் தெரியும்."

அன்று ராத்திரி குடும்ப ஜெபத்தில், வேலைக்காக நான் வழக்கமாகச் சொல்லுகிற ஸ்தோத்திரம் வாயில் வரவில்லை. கர்த்தர் கொடுத்தார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. யாரிடமிருந்து எடுத்துக் கொடுத்தார் என்று அதுவரை நான் கேட்டதே இல்லை. இடுப்பு போகாமல் இருக்க ஆறு வினாடி கிடைத்த யாரோ ஒருவர் நின்ற இடத்தில் நான் நிற்கிறேன். பெயர் தெரியாத அவருக்காக ஜெபித்தேன். ஜெனி கண்ணைத் திறந்து பார்த்தாள், ஏன் இன்றைக்கு இவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டது என்று.

எங்கள் ஃபாக்டரியிலும் யூனியன் வேண்டும் என்று ஒரு வருஷம் பேச்சு நடந்தது. அதற்கு முன்னால் நின்றவள் ரோசா. மெக்சிகோவிலிருந்து சின்ன வயதில் வந்தவள். லைனில் நான் நிற்கிற இடத்துக்கு ஸ்டேஷன் என்று பெயர்; அதில் நாங்கள் இரண்டு பேர், நானும் அவளும். நான் ஸ்பீக்கரும் ஒயரும் கைப்பிடியும் பொருத்துவேன், அவள் சுவிட்சும் கிளிப்பும். அவளுக்கு அப்போது அறுபத்து மூன்று. கை கொஞ்சம் மெதுவாகிவிட்டது, ஆனால் அவள் அழுத்தின கிளிப் ஒன்று கூடக் கழன்று நான் பார்த்ததில்லை. இந்த நாட்டில் அறுபத்தைந்து ஆனால்தான் அரசாங்க மருத்துவக் காப்பீடு வரும். அதுவரைக்கும் அவளுக்கும் அவள் புருஷனுக்கும் கம்பெனி இன்சூரன்ஸ்தான். புருஷனுக்கும் அவள் வயதுதான், சர்க்கரை முற்றி, கால் புண்ணுக்கு வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரி. இன்னும் இரண்டு வருஷத்தை ஓட்ட வேண்டும் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஓட்டெடுப்புக்கு முன்னால் கம்பெனியில் எங்களை உட்கார வைத்து வீடியோ போட்டார்கள். யூனியன் வந்தால் செலவு ஏறும், செலவு ஏறினால் லைன் போய்விடும் என்று ஒருவர் சிரித்த முகத்தோடு சொன்னார். எனக்கு அந்த ஜெர்மனிக் கதை தெரியும் என்பதால் மற்றவர்களைவிட அதிகமாகப் பயந்தேன். அந்தச் சமயம் அவரும் வந்திருந்தார். காரில் கேட்டேன்.

"அண்ணே, நான் எதுக்குப் போட?"

"எங்கிட்டக் கேக்காதீங்க தம்பி. நான் கம்பெனி ஆளுங்க. நான் ஒண்ணு சொன்னா அது சரியில்லீங்க, எந்தப் பக்கம் சொன்னாலும்."

வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணினேன். பயம்தான் பதிலாக வந்தது. அதையே ஆண்டவருடைய பதில் என்று எடுத்துக்கொண்டு, வேண்டாம் என்று போட்டேன். கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில் யூனியன் தோற்றது. மறுநாள் ரோசா கிளிப் அழுத்திக்கொண்டே, "நீ எதுக்குப் போட்டாய் என்று நான் கேட்கமாட்டேன், ராஜ்" என்றாள். கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த தடவை அவர் வந்தபோது கையில் வேறு வேலை இருந்தது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இரண்டு பேர் தேவையா, ஒருவர் போதுமா என்று பார்க்க வேண்டும். எங்கள் லைனில் தொண்ணூற்றைந்து வினாடிக்கு ஒரு பேனல் நகரும். ஸ்டேஷன் வேலை முழுவதையும் ஒரே ஆள் அதற்குள் முடித்தால், இன்னொரு ஆள் வேண்டாம். எங்கள் ஸ்டேஷனில் அந்த இன்னொரு ஆள் யார் என்பதை யாரும் சொல்ல வேண்டியதில்லை.

திங்கட்கிழமை காலை. அவர் எதிரே வந்து நின்று பெயரைச் சொன்னார். மூன்று வருஷமாக என் வீட்டில் சாப்பிடுகிறவர், அன்றும் பெயரைச் சொன்னார். அளக்கலாமா என்று கேட்டார். சரி என்றேன். ரோசாவை ஓரமாக நிற்கச் சொன்னார்கள். மேனேஜரும் வந்து அவர் பக்கத்தில் நின்றுகொண்டார்.

நான் செய்த தப்பை இப்போது சொல்லுகிறேன். அந்த நேரத்தில் எனக்கு ரோசா ஞாபகமே இல்லை. அந்த வெள்ளைக்கார மேனேஜருக்கு முன்னால் நம் அண்ணன் நிற்கிறார், அளக்கப்படுகிறவனும் நம் ஆள், அவர் தலை குனிந்துவிடக் கூடாது என்பதுதான் மனதில் இருந்தது. வீட்டுக்கு வந்தவருக்கு இலை போட்டுப் பரிமாறுகிற மாதிரி வேலையைப் பரிமாறினேன். ஒயரைப் பல்லில் கடித்துக்கொண்டு கைப்பிடியைத் திருகினேன். கிளிப்பை உள்ளங்கையால் தட்டித் தட்டி ஏற்றினேன். பத்துப் பேனல். ஒவ்வொன்றும் எண்பத்தெட்டு வினாடிக்குப் பக்கம். மேனேஜர் என் தோளில் தட்டிவிட்டுப் போனார். சட்டை நனைந்து மூச்சு வாங்க நிமிர்ந்து பார்த்தால் ரோசா என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"யாருக்காக ஓடினாய்?" என்று மட்டும் கேட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவர் தாளை நீட்டினார். நான் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போடப் போனேன்.

"படிச்சுப் பாருங்க தம்பி."

"நீங்க எழுதுனா சரியாத்தான் இருக்கும்ணே."

"படிக்காத கையெழுத்து எனக்கு வேண்டாமுங்க."

படித்தேன். வினாடிகளுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம், பத்து வரிசையிலும் நூற்று முப்பது. அது என்ன என்று கேட்டேன். ஒரு மனிதன் காலையிலிருந்து சாயந்தரம் வரைக்கும், வருஷம் பூராவும், உடம்பு கெடாமல் செய்யக்கூடிய வேகத்துக்கு நூறு என்று பெயராம். அதைக் கண்ணால் பார்த்து மதிப்புப் போட வேண்டும், அதுதான் இந்த வேலையிலேயே கஷ்டம் என்றார். "நீங்க நூத்தி முப்பதுல ஓடுனீங்க. அந்த எண்பத்தெட்டு, சாதாரண வேகத்துல நூத்திப் பதினாலு ஆகுமுங்க. ஓய்வுக்கு இன்னும் கொஞ்சம் சேக்கோணும். தொண்ணூத்தஞ்சுக்குள்ள வராது."

மறுநாள் என்னை மேனேஜரின் ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். அவரும் இருந்தார். அளக்கப்பட்ட ஆள் இல்லாமல் அளவைப் பற்றிப் பேசமாட்டேன் என்று அவர்தான் சொல்லியிருக்கிறார். மேனேஜர் அந்தத் தாளில் நூற்று முப்பதைச் சுற்றி வட்டம் போட்டு வைத்திருந்தார். "எண்பத்தெட்டு என்றால் எண்பத்தெட்டுதான். இந்தக் கட்டம் உங்கள் அபிப்பிராயம். இதை எடுத்துவிடுங்கள்."

"இதை எடுத்தால் என் கையெழுத்தையும் எடுத்துவிட வேண்டும்" என்றார் அவர். குரல் ஏறவில்லை. ஜெர்மனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இதைச் சொல்ல ஒரு யூனியன் ஆள் இருந்தார். இங்கே அப்படி யாரையும் வரவிடாமல் ஓட்டுப் போட்டவன் அவர் பக்கத்தில் நிற்கிறேன்.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "ராஜ், நீ என் லைனிலேயே நல்ல ஆள். இதே வேகத்தில் தினமும் உன்னால் செய்ய முடியும், இல்லையா?"

நான் அவரைப் பார்த்தேன். ஒரு கண் ஜாடை, ஒரு தலையசைப்பு, ஏதாவது காட்டுவார் என்று பார்த்தேன். அவர் தன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். முடியும் என்றால் ரோசா போவாள். முடியாது என்றால் நேற்று நான் ஆடினது நாடகம் என்று நானே ஒத்துக்கொள்ள வேண்டும். இரண்டில் எதையும் அவர் எனக்காகச் சொல்லமாட்டார்.

"முடியாது சார்" என்றேன். "இவர் என் வீட்டில் சாப்பிடுகிறவர். உங்கள் முன்னால் இவருக்கு மரியாதை வர வேண்டும் என்று நேற்று ஓடினேன்."

நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான் சொன்னேன். மேனேஜர் நாற்காலியில் பின்னால் சாய்ந்து அவரைப் பார்த்தார். "இவன் வீட்டில் சாப்பிடுகிறீர்களா?"

"ஆமாம். வெள்ளிக்கிழமைகளில்" என்றார் அவர். பேனாவைத் திறந்தார். தாளின் கீழே, குறிப்பு என்று இருந்த இடத்தில், அளந்தவர் அளக்கப்பட்டவர் வீட்டில் உணவு உண்டிருக்கிறார் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு மேஜையில் வைத்தார். "சந்தேகம் இருந்தால் வேறு ஆளை வரச் சொல்லி, முழு நாளும் நிறுத்தி அளக்கச் சொல்லுங்கள்."

மேனேஜருக்கு அதற்கெல்லாம் பொறுமை இல்லை. தாள் அப்படியே ஜெர்மனிக்குப் போனது. எண்ணை அங்கே ஒத்துக்கொண்டார்கள், எங்கள் ஸ்டேஷனில் இரண்டு பேர் என்பது நின்றது. ஆனால் அடியில் இருந்த குறிப்பையும் படித்திருக்கிறார்கள். இனிமேல் இந்த ஃபாக்டரிக்கு வேறு ஆளை அனுப்புவதாகச் சொல்லிவிட்டார்கள். எஸ்தருக்கு மனசு கேட்கவில்லை. "ஒரு மீன் குழம்புக்கு இவ்வளவு பெரிய தண்டனையா?" என்று அழுதாள்.

அவர் ஊருக்குப் போகிற அன்று மத்தியானம் நான் லீவு போட்டு அவர் ஹோட்டல் வாசலில் போய் நின்றேன்.

"டாக்சி சொல்லியாச்சுங்க தம்பி. உங்க வண்டில வந்தா அதையும் எழுதோணும்" என்று சிரித்தார். பிறகு என்ன நினைத்தாரோ, டாக்சியை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பெட்டியை என் காரில் வைத்தார்.

ஏர்போர்ட் வந்தது. இறங்குகிற இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டேன். "அண்ணே, ரோசா பொழைக்கட்டும்னுதான அப்படிப் போட்டீங்க?"

"இல்லீங்க."

"அப்ப எனக்காகவா?"

"இல்லீங்க தம்பி. நீங்க ஓடுனீங்க. பாத்தன், எழுதுனன்."

"நான் நெசமாவே நாள் பூரா அந்த வேகத்துல செய்யக்கூடிய ஆளா இருந்திருந்தா?"

"நூறுன்னு போட்டிருப்பனுங்க."

"அப்ப ரோசா?"

அவர் பெட்டியின் கைப்பிடியை இழுத்து நீட்டினார். "போயிருப்பாங்க" என்றார். "மனசுக்குக் கஷ்டமாத்தான் இருந்திருக்கும். ஆனா போட்டிருப்பனுங்க." கையைக் கூப்பி, "எஸ்தர் அம்மிணிகிட்டச் சொல்லிருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

வெகு நாள் அவர் மேல் எனக்கு ஒரு பயம் இருந்தது. அன்பு குறையவில்லை, அதோடு சேர்ந்து பயமும் இருந்தது. குடும்ப ஜெபத்தில் அவர் பெயரைச் சொல்லும்போது, நன்மை செய்தவர் என்று சொல்ல நாக்கு எழும்பாது. பெயரை மட்டும் சொல்லி நிறுத்திவிடுவேன்.

அவரை ஏர்போர்ட்டில் விட்ட மறுநாள் வேலைக்குப் போனதும், அவர் சொன்னதை ரோசாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். மறைக்கக் கூடாது என்று தோன்றியது. ஓட்டு விஷயத்தையும் சேர்த்தே சொன்னேன். அவள் கிளிப்பை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே கேட்டாள். பதினான்காவது கிளிப்பை அழுத்திய பிறகு நிமிர்ந்தாள்.

"அந்த ஆள் உன் வேகத்தைச் சரியாகத்தான் மதிப்புப் போட்டாரா?"

"தெரியவில்லை."

"நாள் முழுக்க உன்னால் எவ்வளவு வேகமாகச் செய்ய முடியும்?"

"அதுவும் தெரியாது ரோசா. செய்து பார்த்ததில்லை."

"நல்லது" என்றாள். "கண்டுபிடிக்காதே."

என் கையை அவள் கையின் வேகத்தோடு சேர்த்து நகர்த்தப் பழகினேன். அது பொய்யா, அன்பா, சோம்பலா என்று ஒவ்வொரு ராத்திரியும் முழங்காலில் நின்று கேட்டேன். பதில் வரவில்லை. பயத்தைப் பதில் என்று எடுத்துக்கொள்ளவும் இந்தத் தடவை நான் துணியவில்லை. காலையில் போய் மறுபடியும் அவள் பக்கத்தில் நின்றேன். ரோசாவுக்கு அறுபத்தைந்து ஆகிற வரைக்கும் நான் கண்டுபிடிக்கவில்லை.